ஐம்பது பெட்டி கோத்தால் என்ன?

சின்ன காஞ்சிபுரத்துக்காரன் எவனிடமாவது 2019-ஆம் வருஷத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள், எங்கள் வீட்டுத் திண்ணை எங்களுக்குச் சொந்தமாக இல்லை. அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளியிருந்தார். அதற்கு முன்னால் வந்தது 1979-ல். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கோடிப் பேர் என்று பேசிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேராவது எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் குடித்திருப்பார்கள் என்பது என் மனைவியின் கணக்கு.

அந்த நாளில்தான் தேரடிக்குப் பக்கத்து டீக்கடையில் இந்தக் கேள்வி பிறந்தது. ஸ்பெஷல் ரயில் விட்டும் கூட்டம் தாங்கவில்லை என்று பேச்சு. ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு சார் பத்து ரயில்? ஒரே ரயில்ல அம்பது பெட்டி கோத்து விட்டா மேட்டர் முடிஞ்சுது!" என்றார். கடையே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அதுவரை எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

ஒரு தலை மட்டும் ஆடவில்லை. கார்டு சார் தலை.

கார்டு சார் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். மீட்டர் கேஜ் காலத்தில் சேர்ந்து பிராட் கேஜ் காலத்தில் ரிடையர் ஆனவர். (2022 ஜனவரியில் ரயில்வே 'கார்டு' என்ற பதவிப் பெயரையே எடுத்துவிட்டு 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டது. அவருக்கு அதில் மகா வருத்தம். "முப்பத்தாறு வருஷம் கொடி ஆட்டினேன். அப்பவே மேனேஜர்னு சொல்லியிருந்தா பொண்ணு கல்யாணப் பத்திரிகையில போட்டிருப்பேனே!")

பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்பது பெட்டி கோக்கலாம் தம்பி. எங்க நிறுத்துவே?"

கடை மௌனமாகிவிட்டது.

கணக்கு சுலபம்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த பழைய நீலப் பெட்டி ஒன்று 22.3 மீட்டர் நீளம். ஐம்பது பெட்டி என்றால் 1,115 மீட்டர். இன்ஜினையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே முக்கால் பர்லாங்குக்குக் கொஞ்சம் குறைவு. நம் நாட்டில் நீளமான எக்ஸ்பிரஸ் ரயில்கள் பெரும்பாலும் 24 பெட்டியோடு நின்றுவிடுகின்றன. அதுவே அரை கிலோமீட்டருக்கு மேல். இப்போது வருகிற எல்.எச்.பி. பெட்டி ஒவ்வொன்றும் இன்னும் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் அதிகம் என்பதால் 22 பெட்டியிலேயே கோட்டைப் போட்டுவிட்டார்கள். எங்களூருக்கு வரும் 12 பெட்டி மின்சார ரயில் கால் கிலோமீட்டர்தான். ஐம்பது பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "இன்ஜின் காஞ்சிபுரத்துல, என் பிரேக் வேன் நத்தப்பேட்டை எல்லையில!" என்றார் கார்டு சார். கொஞ்சம் மிகைதான். ஆனால் இறங்குகிற ஜனம் பிளாட்பாரத்தில் இறங்காது, கருவேலமுள்ளில்தான் இறங்கும் என்பது மிகை இல்லை.

"பிளாட்பாரத்தை நீட்டிட்டா?" என்றார் டீக்கடைக்காரர்.

நீட்டலாம். ஹூப்ளியில் 2023-ல் 1,507 மீட்டருக்கு நீட்டி உலகத்திலேயே நீளமான பிளாட்பாரம் என்று பேர் வாங்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்தப் பேர் கோரக்பூருக்கு இருந்தது: 1,366 மீட்டர். ஆனால் அங்கெல்லாம் ஒரே ரயில் அவ்வளவு நீளத்துக்கு நிற்பதில்லை. ஒரே பிளாட்பாரத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ரயிலை நிறுத்தத்தான் அது வசதி. சரி, எல்லா ஊரிலும் நீட்டிவிட்டோம் என்றே வையுங்கள். செங்கல்பட்டிலிருந்து எங்களூர் வழியாக அரக்கோணம் போகிற பாதை நான் பார்த்த நாளெல்லாம் ஒற்றைப் பாதைதான். எதிரே ரயில் வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஒதுங்கு பாதைக்கும் ஒரு நீளம் உண்டு. அதற்குள் அடங்காத ரயில், சின்ன திண்ணையில் படுத்த நெட்டை ஆள் மாதிரி: காலை நீட்டினால் தெருவில் போகிறவன் தடுக்கி விழுவான்.

நான் இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிளாட்பாரம் என்பது எங்கள் வீட்டில் வெறும் கணக்கு இல்லை.

என் அத்தை 1951-ல் பிறந்தவள். 1979-ல் அத்திவரதர் வந்தபோது அவளுக்குத் தலைப் பிரசவம். தெற்கே புகுந்த வீட்டில் இருந்தாள். வர முடியவில்லை. "பரவாயில்லை, நாப்பது வருஷம் கழிச்சுப் பார்த்துக்கறேன்" என்று அப்போது சொன்னதை எல்லோரும் ஜோக் என்று நினைத்தார்கள். அவள் ஜோக் அடிக்கவில்லை. 2019 ஜூலை முதல் வாரம் ஒரு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டாள், கடைசிக்கு முந்தின பெட்டியில்.

அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பேர் வேண்டாம். பாவம், அந்த ஸ்டேஷன் மட்டுமா அப்படி? பிளாட்பாரம் அவள் பெட்டிக்கு ஒரு பெட்டி முன்னாலேயே முடிந்துவிட்டது. விடியற்காலை நேரம். இரண்டு நிமிஷ நிறுத்தம். பெட்டிக்குள்ளேயே நடந்து முன்னால் போகலாம் என்றால் நடைபாதை முழுக்க மூட்டையும் தூங்குகிற ஜனமும். கதவைத் திறந்து பார்த்தால் கீழே இருட்டு, ஜல்லி. பிளாட்பாரம் இல்லாத இடத்தில் ஒரு ரயில் பெட்டியின் கடைசிப் படி எவ்வளவு உயரம் என்பது இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அறுபத்தெட்டு வயசுக்காரி ஒரு கையில் பையோடு இறங்கினாள். ஜல்லி உருண்டது. கணுக்கால் உடைந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்துதான் சேர்ந்தாள், மாவுக்கட்டோடு. கோயில் மதில் எங்கள் மாடியிலிருந்து தெரியும். கூட்டத்தில் உயிர்ச்சேதமே ஆகியிருந்த சமயம். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு அங்கே போகவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு வாரம். கட்டைப் பிரித்த அதே வாரத்தில் அத்திவரதர் குளத்துக்குள் போய்விட்டார்.

மாடியில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்தபடி அத்தை விரல் விட்டு எண்ணினாள். "அடுத்தது 2059. எனக்கு நூத்தியெட்டு வயசு. நல்ல நம்பர்தான். அதுக்குள்ள பிளாட்பாரத்தை நீட்டிடுவாங்களாடா?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கார்டு சாரிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ டீக்கடையில அம்பது பெட்டிக்குத் தலையாட்டினவன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்துதான் எனக்கு இந்த நீள ரயில் பைத்தியம் பிடித்தது. சாயங்காலமானால் அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் நான் கேட்டது எல்லோரும் கேட்கிற கேள்விதான்: "ஒரு இன்ஜின் எத்தனை பெட்டி சார் இழுக்கும்?"

"இழுக்கறது பெரிய விஷயமே இல்லப்பா" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் நிஜம். 1991 ஏப்ரல் 27-ஆம் தேதி பெல்ஜியம் நாட்டில், புற்றுநோய் நிதிக்காக ஒரு ரயில் விட்டார்கள். எழுபது பெட்டி! 1,732 மீட்டர் நீளம். 2,786 டன் எடை. கென்ட் ஊரிலிருந்து ஆஸ்டெண்ட் வரை 62 கிலோமீட்டர் சொச்சத்தை ஒரு மணி பதினோரு நிமிஷத்தில் ஓடி முடித்தது. எத்தனை இன்ஜின் என்கிறீர்கள்? ஒன்றே ஒன்று, மின்சார இன்ஜின்! இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு அவ்வளவு குறைச்சல். சமதளத்தில் ஒரு தடவை நகர்ந்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்குப் போகும். அதுதான் தொல்லையும்! உராய்வு குறைச்சல் என்பது நிறுத்தும்போது எதிரியாகிவிடுகிறது.

"நீ தேர் இழுத்திருக்கியா?" என்றார் கார்டு சார்.

சின்ன காஞ்சிபுரத்துக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வைகாசியில் வரதர் தேர் வடத்தைத் தொடாமல் எவன் வளர்ந்தான்?

"வடத்துல முன்னாடி நிக்கறவனுக்கு நிறுத்துன்னு சத்தம் கேட்டுடும். நடுவுல இருக்கறவனுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கும். அதுவரைக்கும் அவன் ஓடிவந்து முன்னாடி நிக்கறவன் முதுகுல முட்டுவானா இல்லையா? அதான் ரயில்."

இதை நான் வீட்டில் வந்து யோசித்துப் பார்த்தேன். ரயிலில் பிரேக் போடச் சொல்லும் சேதி காற்றுக் குழாய் வழியாகப் போகிறது. ரயில் நெடுக ஒரு குழாய். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று. டிரைவர் காற்றை வெளியே விட்டால் அழுத்தம் இறங்கும். இறங்கினால் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். (குழாய் அறுந்தாலும் இதே கதைதான். அதனால்தான் ரயில் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பாதியும் தானாக நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்கு எங்கேயாவது ஒரு சிலை வைத்தால் நான் மாலை போடத் தயார்.)

ஆனால் காற்றில் போகிற சேதி காற்றின் வேகத்தில்தான் போகும். ஒலியின் வேகத்தை அது தாண்ட முடியாது. நல்ல வால்வுகள் இருந்தாலும் விநாடிக்கு 250 மீட்டர் சொச்சம். 24 பெட்டி ரயிலில் கடைசிப் பெட்டிக்குச் சேதி போய்ச்சேர இரண்டு விநாடிக்கு மேல். ஐம்பது பெட்டியில் நாலு விநாடிக்கு மேல். நாலு விநாடிதானே என்பீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடியில் ரயில் 110 மீட்டர் போய்விடும். முன்பக்கம் நிற்க ஆரம்பித்துவிட்டது. பின்பக்கம் இன்னும் ஜாலியாக வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச இடைவெளி மூடிக்கொண்டே வந்து, கடைசியில் டமால்! மேல் பெர்த்தில் தூங்கின சித்தப்பா கீழ் பெர்த் சித்தி மடியில்.

இது கற்பனை இல்லை. 1886-லும் 1887-லும் அமெரிக்காவில் பர்லிங்டன் என்ற ஊரில் ஐம்பது வேகன் கோத்த ரயிலை வைத்துப் பிரேக் பரீட்சை நடத்தினார்கள். (பாருங்கள், நம் டீக்கடை ஐம்பது!) வெஸ்டிங்ஹவுஸின் பிரேக் அதில் அடிவாங்கியது. முன்னால் பிடித்த பிரேக் பின்னால் போய்ச் சேர்வதற்குள் வேகன்கள் ஒன்றோடொன்று மோதி, கடைசி வேகன்களில் அடி கடுமையாக விழுந்தது. மனுஷர் சளைக்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் இருக்கிற வால்வே சேதி வந்தவுடன் தன் பங்குக்குக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டு, அடுத்த வண்டிக்குச் சேதியைத் தள்ளிவிடுகிற மாதிரி மாற்றினார். கோயில் வாசலில் "பிரசாதம் தீர்ந்துடுத்து" என்ற சேதி ஒருவர் வாய் மாறி ஒருவர் வாயாக எவ்வளவு வேகமாகப் போகிறது? அந்தத் தத்துவம். 1887-க்குள் சரிசெய்துவிட்டார்.

பிரேக் பிடிப்பதைவிட விடுவது இன்னும் சள்ளை. விட வேண்டுமானால் குழாயில் மறுபடி காற்றை நிரப்ப வேண்டும். அது இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும். முன்னால் பத்து பெட்டியில் பிரேக் விட்டாயிற்று, பின்னால் நாற்பது பெட்டி இன்னும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அப்போது அவசரக்கார டிரைவர் இழுத்தால்? இணைப்பு அறுந்துவிடும்.

"எனக்கு ஒரு தடவை அறுந்திருக்கு" என்றார் கார்டு சார்.

மீட்டர் கேஜ் நாள். கூட்ஸ். ராத்திரி. ஒரு குலுக்கல், அப்புறம் மெதுவாக நின்றது. எட்டிப் பார்த்தால் முன்னால் வேகன்கள் இருக்கின்றன, இன்ஜின் சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்தில். கையில் விளக்கு, பையில் அதிர்வேட்டு. பின்னால் வேறு ரயில் வந்து இடித்துவிடாமல் இருக்க, வந்த பாதையிலேயே எண்ணூறு மீட்டர் தனியாக நடந்து போய்த் தண்டவாளத்தில் வேட்டைக் கட்டிவிட்டு வர வேண்டும். "பேய் பயம் இல்லையா சார்?" என்றேன். "பேய் வந்தா பேச்சுத் துணைக்கு ஆச்சேன்னு இருந்துது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கை வேட்டியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது.

அடுத்தது வளைவு. இதற்கு எதிர் வீட்டு நெசவாளர்தான் எனக்கு வாத்தியார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவை நீள நீட்டிக் கட்டி வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஏன் நேரான தெருவில் மட்டும் நீட்டுகிறீர்கள், மூலை திரும்பி நீட்டினால் என்ன என்று ஒருநாள் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "இழுத்துக் கட்டின நூல் நேராப் போகத்தான் பார்க்கும் சார். மூலையில போய் சுவத்துல ஒட்டிக்கும்" என்றார். ரயிலும் அதேதான். முன்னால் இன்ஜின் பலமாக இழுக்க, பின்னால் பாரம் பிடித்து இழுக்க, நடுவில் வளைவில் இருக்கிற லேசான பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்து தண்டவாளத்தைவிட்டு இறங்கப் பார்க்கும். ரயில் நீளமாக ஆக, நடுவில் இருக்கிற பெட்டி மேல் இந்த இழுபறி அதிகமாகிறது.

இதற்கு மருந்து, இழுக்கிற சக்தியை ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்து வைப்பது. மின்சார ரயிலில் அங்கங்கே மோட்டார் இருக்கிறது. 2018-ல் பெரம்பூரில் உருவாகி 2019 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்தும் அந்த ஜாதிதான். 2023 டிசம்பர் கடைசியில் வந்த அம்ரித் பாரத்தில் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். ஒன்று இழுக்கும், ஒன்று தள்ளும். நடுவில் 22 பெட்டி. கூட்ஸ் ரயில்காரர்கள் இதில் எங்கேயோ போய்விட்டார்கள். 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரில் ஐந்து கூட்ஸ் ரயிலை ஒன்றாகக் கோத்து 'சூப்பர் வாசுகி' என்று மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு விட்டார்கள். 295 வேகன், ஆறு இன்ஜின். 2025 ஆகஸ்டில் அதையும் மிஞ்சி 'ருத்ராஸ்த்ரா': 354 வேகன், ஏழு இன்ஜின், நாலரை கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் 2001-லேயே இரும்புத் தாது ரயில் ஒன்று ஏழு கிலோமீட்டர் நீளத்தைத் தாண்டியாயிற்று. 682 வேகன், எட்டு இன்ஜின், ஒரே டிரைவர்!

"அப்ப பாசஞ்சர் மட்டும் ஏன் சார் முடியாது?"

"நிலக்கரிக்குக் கக்கூஸ் வேணுமா? நிலக்கரி செயினைப் புடிச்சு இழுக்குமா? நிலக்கரிக்குக் கணுக்கால் உடையுமா?"

கடைசிக் கேள்வியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

செயின் விஷயம் ஒன்றே போதும். யாரோ ஒரு புண்ணியவான் செருப்பு விழுந்துவிட்டது என்று பதினெட்டாவது பெட்டியில் செயினை இழுத்தால், எந்தப் பெட்டி என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்ய ஒரு ஆள் ஜல்லியில் நடந்துதான் போக வேண்டும். 24 பெட்டிக்கே அரை கிலோமீட்டர் போக, அரை கிலோமீட்டர் வர. ஐம்பது பெட்டியில் ஒரு செருப்புக்கு இரண்டு கிலோமீட்டர்! தண்ணீர் பிடிப்பதும் அப்படித்தான். பாதைக்குப் பக்கத்தில் எவ்வளவு தூரத்துக்குக் குழாய் இருக்கிறதோ அவ்வளவு தூரத்துப் பெட்டிக்குத்தான் தண்ணீர். அப்புறம், ஊர் போய்ச் சேர்ந்த ரயிலை அடியில் குழி வெட்டின பாதையில் நிறுத்திக் கழுவி, சக்கரம் பிரேக் எல்லாம் பார்க்க வேண்டும். குழி எவ்வளவு நீளமோ ரயில் அவ்வளவுதான் இருக்கலாம். இல்லையென்றால் இரண்டாக வெட்டி, தனித்தனியாகப் பார்த்து, மறுபடி கோக்க வேண்டும். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விடும். பத்து ரயிலை ஐந்தாக்கினால் பாதை மிச்சம், டிரைவர் மிச்சம் என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் குழியை எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏதோ ஒரு பாலத்தில் மெதுவாகப் போ என்று வேகக் கட்டுப்பாடு இருந்தால், பாலம் முடிந்ததும் டிரைவர் வேகம் எடுக்க முடியாது. அவர் வால் இன்னும் பாலத்தின் மேல் இருக்கிறதே! அதனால் ஒரு ரயில் நீளம் தள்ளி, இங்கே வேகம் எடுக்கலாம் என்று தனியாக மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். பாசஞ்சருக்கு 'டி-பி', கூட்ஸுக்கு 'டி-ஜி'. ஐம்பது பெட்டி ரயில் விட்டால் நாடு முழுக்க அந்தப் பலகைகளைப் பிடுங்கித் தள்ளி நட வேண்டும். ஸ்டேஷனுக்குள் பாதை மாறும்போது மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், 24 பெட்டி கடக்கவே இரண்டு நிமிஷத்துக்கு மேல். ஐம்பதுக்கு நாலரை நிமிஷம். அதுவரை ரயில்வே கேட்டில் நிற்கிற ஆட்டோக்காரர் வாயில் என்னென்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

2022 அக்டோபர் கடைசியில் கார்டு சாரிடம் ஒரு சேதி கொண்டுபோனேன். சுவிட்சர்லாந்தில் நூறு பெட்டி பாசஞ்சர் ரயில் ஓட்டிவிட்டார்கள்! அக்டோபர் 29-ஆம் தேதி, ஆல்ப்ஸ் மலையில், அல்புலா பாதையில். 1,910 மீட்டர் நீளம். 2,990 டன். பெல்ஜியம்காரர்களின் சாதனை முறிந்தது. "நூறு பெட்டியா? எந்த கேஜு?" என்றார். "மீட்டர் கேஜ் சார்!"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்களூரில் அந்தக் காலத்தில் ஓடின அதே அகலம். பேத்தியை விட்டு செல்போனில் படம் போட்டுக் காட்டச் சொன்னார். சிவப்புப் புழு மாதிரி மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. இருபத்திரண்டு சுரங்கம், நாற்பத்தெட்டு பாலம். ஒரே சமயத்தில் ரயிலின் தலை ஒரு சுரங்கத்தில், இடுப்பு பாலத்தில், வால் வேறொரு சுரங்கத்தில்.

அதில்கூடப் பாருங்கள், கஷ்டம் இழுப்பதில் இல்லை. பிரேடா என்ற ஊரிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிற பாதை. தூரம் 25 கிலோமீட்டர், இறக்கம் ஏறக்குறைய 790 மீட்டர். கஷ்டமெல்லாம் பிடித்து நிறுத்துவதில். நாலு நாலு பெட்டியாக 25 மின்சார ரயில்களைச் சேர்த்திருந்தார்கள். டிரைவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே விநாடியில் ஒரே வேலையைச் செய்தாக வேண்டும். முதல் வெள்ளோட்டம் ஊத்திக்கொண்டது: அவசர பிரேக்கை ஒழுங்காக வேலை செய்யவைக்க முடியவில்லை, சுரங்கத்துக்குள் ரேடியோவும் எடுக்கவில்லை, செல்போனும் எடுக்கவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பி இழுத்துப் பழைய காலத்துக் கள டெலிபோனைப் போட்டார்கள். அதில் பேசிப் பேசித்தான் ஏழு பேரும் இறக்கினார்கள். இறங்கும்போது மோட்டார்கள் மின்சாரம் உற்பத்தி செய்து கம்பிக்கே திருப்பி அனுப்பும். நூறு பெட்டியும் சேர்ந்து அனுப்பினால் கம்பி தாங்காது என்று வேகத்தை மணிக்கு 35 கிலோமீட்டருக்குள் கட்டிப்போட்டார்கள். ஒரு மணி நேரப் பயணம். நாலாயிரத்து ஐந்நூற்றைம்பது இடம் இருந்த ரயிலில் போனவர்கள் நூற்றைம்பது பேர் சொச்சம்தான்.

கார்டு சார் படத்தை மூன்று தடவை பார்த்தார். அப்புறம் கேட்டார்: "நடுவுல எங்கேயாவது நின்னு ஆளை இறக்கினாங்களா?"

இல்லை என்றேன்.

"அதானே!" என்று செல்போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

இந்த வைகாசியில் கருட சேவைக்கு அத்தை வந்திருந்தாள். இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே, இன்ஜினிலிருந்து எண்ணி எத்தனையாவது பெட்டி என்று நான் விசாரித்துவிடுகிறேன். ஆட்டோவில் அவளையும் கார்டு சாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ். கார்டு சார் உதடு அசையாமல் எண்ண ஆரம்பித்தார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். அத்தையும் விரல் விட்டு எண்ணினாள். கடைசி வண்டி போனது, பின்னால் 'எல்.வி.' பலகையோடு. கடைசி வண்டி இதுதான், முழு ரயிலும் வந்து சேர்ந்தது, நடுவில் எங்கேயும் அறுந்துபோகவில்லை என்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்தப் பலகைதான் சாட்சி. அதைப் பார்த்ததும் கார்டு சாரின் வலது கை தானாக மேலே போய் ஒரு ஆட்டு ஆட்டியது, கொடி இல்லாமலே.

"அம்பத்தெட்டு" என்றார்.

"அம்பத்தொன்பது" என்றாள் அத்தை.

"பிரேக் வேனைச் சேர்க்கக் கூடாதும்மா."

"ஏன், அதுலயும் ஒரு மனுஷன் உக்காந்து வந்தானே!"

கேட் திறந்தது. தேரடி வரைக்கும் சண்டை ஓயவில்லை.